மெர்சிங் கடலில் எஞ்சினை நிறுத்திய நேரம்

2022ஆம் ஆண்டு, ஆடி பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. இடம், தென்சீனக் கடலோரம் உள்ள மெர்சிங் படகுத்துறை. என் மாமியார் இன்றும் அது சனிக்கிழமை என்றுதான் சாதிப்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகைக்குள் கரை திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் படகுக்காரர் அன்று வந்தார். ஆகவே வெள்ளிதான்.

நான் குளுவாங்கில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீடு ரெங்கத்தில். எங்கள் ஊரின் பழைய விஷயங்களைத் தேதி பிசகாமல் எழுதி வைப்பதும், கிடைக்கிற புத்தகங்களை எல்லாம் படிப்பதும் என் பொழுதுபோக்கு. என் மனைவி படித்தது கடல் வேதியியல். 2020 தை மாதம் எங்களுக்குத் திருமணம். பங்குனியில் ஊரடங்கு. ஊர் உலகமெல்லாம் சபித்த அந்த ஊரடங்குதான் எங்களுக்குத் தேனிலவு. வெளியே போக முடியாத அந்த வீட்டில் நாங்கள் பேசித் தீர்த்ததற்கு அளவே இல்லை.

அடுத்த வருடம் நடுவில் அவளுக்கு வெளிநாட்டில் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை கிடைத்தது. கப்பலில் போய்க் கடல்நீரை எடுத்துச் சோதிக்கும் வேலை. நாம் காற்றில் விடுகிற கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுத்து இழுத்து, கடல்நீரின் குணமே கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தின் பக்கம் நகர்கிறது. சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் திண்டாடுகின்றன. எந்தக் கடலில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்க, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். அவள் எனக்கு இதைச் சமையலறையில் வைத்து விளக்கினாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததால் போகச் சொன்னேன்.

அதன் பிறகு அவளைப் போன் திரையில்தான் பார்த்தேன். பாதி நேரம் படம் உறைந்து நிற்கும். கண்ணை மூடியபடியோ வாயைத் திறந்தபடியோ நிற்கிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். பண்டார் தெங்காராவில் தனியாக இருந்த மாமியார், எனக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று ரெங்கத்துக்கே வந்துவிட்டார். ஆடி பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர், "ஆடியில புருஷன் பொண்டாட்டிய பிரிச்சு வைப்பாங்களே, உங்களுக்கு எப்படி?" என்று கிண்டல் செய்தார். மாமியார் முந்திக்கொண்டார்: "எங்க வீட்ல பன்னண்டு மாசமும் ஆடிதான் லா."

அந்த ஆடியில்தான் பேச்சு வந்தது. அந்த ஆய்வுக் குழுவை நடத்தும் பேராசிரியர் அவளை இன்னும் மூன்று வருடம் தொடரச் சொல்லிக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் என்னைக் கேட்டாள்.

"நீங்க வேணாம்னா வேணாங்க. நெஜமாத்தான் சொல்றேன். வந்துடறேன்."

நிஜமாகத்தான் சொன்னாள் என்பதுதான் என் சங்கடம். இரண்டு நாள் பதில் சொல்லாமல் இழுத்தேன். மூன்றாம் நாள் அவளே வேறொன்று சொன்னாள். கப்பல் தென்சீனக் கடலுக்கு வருகிறதாம். வெள்ளிக்கிழமை காலை மெர்சிங்குக்கு நேரே, தீவுகளைத் தாண்டி ஓரிடத்தில் நிற்குமாம். நோய்ப் பயத்தால் யாரும் கரை இறங்கக் கூடாது, வெளியாள் யாரும் ஏறக் கூடாது. ஆனால் போனுக்கு நல்ல டவர் கிடைக்கும், படம் உறையாமல் பேசலாம் என்றாள்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தினார். "நேரேன்னா எவ்ளோ தூரம்? போட்டு எடுத்துட்டுப் போனா பார்த்துடலாமா?"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றும் ஆச்சரியம்தான். கிட்டப் போய், முகத்தைப் பார்த்து, 'வந்துடு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். மாமியாரும் அதைத்தான் விரும்பினார். "நீங்க கூப்பிடுங்க மாப்ள. நான் கூப்பிட்டா சட்டம் பேசுவா. உங்க வாய்லேர்ந்து வந்தா மறுவார்த்தை பேச மாட்டா."

விடியும் முன்பே கிளம்பி, காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை என்பதால் மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் கட்டியே கிடந்தன. வயதான மலாய்க்காரர் ஒருவர் மட்டும் வருவதாகச் சொன்னார். நாங்கள் அவரைப் பாக்சிக், மலாயில் மாமா, என்றே கூப்பிட்டோம். மரப்படகு, பழைய டீசல் எஞ்சின். மாமியார் ஒரு பெரிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். உள்ளே நெத்திலி சம்பலும் தேங்காய்ச் சோறும்.

"கயித்துல கட்டி மேல தூக்கிக்குவாங்கல்ல?" என்று கேட்டார்.

"வெளிச் சாப்பாடு உள்ள போகாது அத்தை."

"சம்பல்ல எந்தக் கிருமி மாப்ள உயிரோட இருக்கும்? அவ்ளோ காரம் போட்டிருக்கேன்."

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினோம். தீவுகள் பின்னால் போன பிறகு, வெள்ளையாக ஒரு கப்பல் அசையாமல் நிற்பது தெரிந்தது. பாக்சிக் நேராக அதை நோக்கிப் படகை விட்டார். மாமியார் எழுந்து நின்று சேலை முந்தானையை வீச ஆரம்பித்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் நடமாடுவது தெரிகிற அளவுக்குப் போய்விட்டோம். அப்போது போன் அடித்தது.

"கிட்ட வராதீங்க! அப்படியே நிறுத்தச் சொல்லுங்க!"

அவளுடைய அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

ஆடி மாதத்தில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும். நாங்கள் கரையிலிருந்து வந்தோம். படகின் கரும்புகை மொத்தமும் எங்களுக்கு முன்னே போய்க் கப்பலில் இறங்கிக்கொண்டிருந்தது. கப்பலின் முன்பக்கத்தில் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள கரியமில வாயுவை அளக்கிற குழாய் ஒன்று இருக்கிறது. கடலுக்கும் காற்றுக்கும் நடுவே என்ன கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்பதை அந்த அளவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அந்த எண் ஒரேயடியாக எகிறியதும் எல்லோரும் என்னமோ ஏதோ என்று ஓடியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால், சேலை வீசுவது அவளுடைய அம்மா.

பாக்சிக் எஞ்சினை அணைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது.

"நாம வந்தது அவளுக்குப் புகையாப் போச்சா?"

திரும்பிப் போவதுதான் சரி என்று தோன்றியது. பாக்சிக்கிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டேன், வீணாக அலைக்கழித்துவிட்டோம் என்று. அவர் கப்பலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்கே இருப்பது உன் மனைவியா?"

"ஆமாம்."

"எத்தனை நாளாச்சு பார்த்து?"

"ஒரு வருடத்துக்கு மேல்."

"அலமாக்!" என்று அங்கலாய்த்தார். பற்ற வைக்க எடுத்த சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, இதுவும் அந்தக் குழாய்க்கு ஆகாதா என்று கேட்டுச் சிரித்தார். பிறகு படகைக் கொஞ்ச தூரம் நீரோட்டத்தில் விலகிப் போகவிட்டு, எஞ்சினைப் போட்டு, பெரிய வட்டமாகச் சுற்றி, கப்பலுக்கு அந்தப் பக்கம், புகை கப்பலை விட்டு விலகிப் போகிற திசைக்குக் கொண்டுபோனார். அங்கே மறுபடி எஞ்சினை நிறுத்தினார். நீரோட்டம் வடக்கே போகிறது, அதுவே நம்மைக் கப்பலின் பக்கவாட்டில் கொண்டுபோகும், நீங்கள் பார்த்துக்கொண்டே வரலாம் என்றார். நேரமாகவில்லையா என்று கேட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சத்தமே இல்லாமல் மிதந்தோம். அப்படிப்பட்ட அமைதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. படகின் பலகையில் தண்ணீர் தட்டும் ஒலி மட்டும். கப்பலின் பக்கவாட்டுத் தளம் எங்களுக்கு எதிரே வந்தது. கடல்நீரை அள்ளும் நீளமான சாம்பல் நிற உருளைகளை வட்டமாக அடுக்கிய ஒரு சட்டத்தை அப்போதுதான் கடலின் ஆழத்திலிருந்து தூக்கி வைத்திருந்தார்கள். அதன் அருகில் ஹெல்மெட்டும் உயிர்காப்புச் சட்டையும் போட்ட ஒருத்தி குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை. குனிகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாப்பா!" என்று மாமியார் கத்தினார். "பாப்பா, அம்மா லா!"

அவள் நிமிரவில்லை.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும். போனில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். உருளையைத் திறந்துவிட்டால், உள்ளே இருக்கிற ஆழத்து நீர் வெளிக்காற்றோடு கலக்கத் தொடங்கிவிடும். ஒரு மெல்லிய குழாயைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட வராமல் நிரப்பி, வழிய விட்டு, மூட வேண்டும். கையை எடுக்க முடியாது. கண்ணை எடுக்க முடியாது. பல நாள் பயணம் செய்து வந்து, பல பேர் சேர்ந்து தூக்கிய தண்ணீர் அது. கெட்டால் கெட்டதுதான்.

"கையில தண்ணி இருக்கு அத்தை," என்றேன்.

அவள் புட்டி ஒன்றை நிரப்பி மூடினாள். அடுத்ததை எடுத்தாள். அவள் தோள் குலுங்கியது போல எனக்குத் தோன்றியது. கப்பலின் ஆட்டமாகவும் இருக்கலாம். குழாய் பிடித்த கை மட்டும் அசையவில்லை. நான் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது 'வந்துடு' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். காற்று எதிர்த்து வீசினாலும் கத்தினால் கேட்டிருக்கும். நான் கத்தவில்லை.

நீரோட்டம் எங்களைக் கப்பலின் பின்முனையைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. அப்போதுதான் கடைசிப் புட்டியை வைத்துவிட்டு அவள் ஓடி வந்தாள், கம்பித் தடுப்பு வரைக்கும். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கையுறையோடு இரண்டு கையையும் தூக்கினாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். எனக்குச் சொல்லவே இல்லை. மாமியார் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார், அதை அவளுக்காகத்தான் கொண்டுவந்தோம் என்று அவளுக்குத் தெரியட்டும் என்பது போல.

அவள் முகம் மூக்கு, வாய் எல்லாம் கலந்து வெறும் நிறமாக ஆகிற வரைக்கும் பாக்சிக் எஞ்சினைத் தொடவில்லை.

திரும்பும் வழியில் போன் வந்தது. எஞ்சின் இரைச்சலில் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

"ரொம்ப தூரம் வந்துட்டீங்க. என்னால நிமிர முடியலங்க."

"தெரியும்."

"அம்மா அழுதாங்களா?"

"இல்ல. முடிய ஏன் வெட்டினேன்னு கேக்கறாங்க."

சிரித்தாள். "சரி, பேராசிரியருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"சரின்னு சொல்லு. மூணு வருஷமும் இரு."

"கோவத்துல சொல்றீங்களா?"

"இல்ல. பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

போனை வைத்ததும் மாமியார் என் முகத்தையே பார்த்தார். "கூப்பிடறேன்னுதானே வந்தீங்க மாப்ள?"

"கூப்பிட்டா வந்துடுவா அத்தை. அதான் கூப்பிடல."

அவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து, மூடியில் சோற்றை வைத்துச் சம்பலை அள்ளிப் போட்டு, பாக்சிக்கிடம் நீட்டினார். அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி சாப்பிட்டார். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சேடாப், சேடாப்" என்று ருசியை மெச்சினார். இறங்கும்போது, பேசிய வாடகைக்கு மேல் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் வேகமாக நடந்தார்.

அந்த மூன்று வருடம் முடிந்தது. நடுநடுவே வந்தாள், சில மாதங்கள் இருந்தாள், மறுபடி போனாள். இதை எழுதுகிற இந்த நேரத்தில் அவள் வேறொரு கடலில் இருக்கிறாள். கடைசியாகப் பேசியபோது குளிராக இருக்கிறது என்றாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கதவைத் திறக்கும்போது, உள்ளே ஆள் இருப்பது போல ஒரு நொடி நிற்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பெல்லாம் அவள் இல்லாத வீட்டில் எனக்கு அவள்மேல் கோபமும் வரும், ஏக்கமும் வரும். அதற்குப் பிறகு ஏக்கம் மட்டும்தான் வருகிறது, அது தீர்ந்துவிட வேண்டும் என்று நான் இப்போது ஆசைப்படுவதும் இல்லை.