தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போன டீச்சர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவளுடைய பிழைப்பு. பயிற்சிக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒருநாள் அதை அவள் மிதித்த மிதியில், ஓட்டிக்கொண்டிருந்த வங்கி மேனேஜரின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அன்றிலிருந்து ஊருக்கே அவள் பிரேக் அக்கா. வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது என்பான் அவள் புருஷன்.

மகள் மூன்றாம் வகுப்பு படித்தது பெரிய அடுக்குமாடிகளை ஒட்டிய அரசாங்கப் பள்ளிக்கூடம். அரசாங்கம் சுவரைத்தான் கட்டியது. மற்றதெல்லாம் பெற்றோர் சங்கத்தின் நன்கொடை. நூலகத்தில் மெத்தை, வகுப்புக்கு ஒரு உதவி டீச்சர். அவளுடைய தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். தங்கை மகன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு அரசாங்கப் பள்ளியில் படித்தான். அதே இலாகா, அதே பாடப்புத்தகம். ஆனால் ஒரு பெஞ்சில் ஐந்து பேர். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை.

சங்கக் கூட்டத்தில் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பிரேக் அக்கா எழுந்தாள்.

"வர்ற நன்கொடையில பாதிய அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடலாம்."

சங்கத் தலைவர் பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிவிட்டு ஊசி போடுகிற அதே குரலில் பேசினார். "நாங்க குடுக்கிறது எங்க பிள்ளைங்களுக்கும்மா. இது வரி இல்ல, பாசம்."

"பாசத்த வீட்ல காட்டுங்க சார். இது எல்லாருக்கும் பொதுவான பள்ளிக்கூடம். உங்க தெருவுல வீடு வாங்க முடியாதவங்க பிள்ளை மட்டும் தற்குறியா வளரணுமா?"

"நீங்க இந்த வருஷம் என்ன குடுத்தீங்க?" பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்கல. குடுக்கவும் மாட்டேன்."

சபை கொதித்தது. ஓசியில் படிக்க வைத்துவிட்டு நியாயம் வேறு பேசுகிறாள் என்றார்கள். கை தூக்கச் சொன்னபோது அவளுடைய கை மட்டும்தான் மேலே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்றே அவளைத் தூக்கினார்கள். அடுக்குமாடிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார்கள். தங்கையாவது தன் பக்கம் நிற்பாள் என்று சலவைக்கூடத்துக்குப் போனாள். கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் போர்வையைத் தள்ளிக்கொண்டே தங்கை சீறினாள்.

"உன்ன யாரு கேட்டா? என் பிள்ளைய காட்டி அங்க பிச்சை எடுத்தியா?"

"பிச்சை இல்லடி..."

"போக்கா. இனிமே எனக்காக வாயத் தெறக்காத."

வேறொருத்தியாக இருந்தால் அடங்கியிருப்பாள். இவள் நேரே கல்வி அலுவலகத்துக்குப் போனாள். அவள் மகளின் பள்ளியில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்று அரசாங்கச் சம்பளத்தில் ஒரு டீச்சர் இருந்தார். அந்தப் பக்கத்துப் பள்ளியில் அப்படி யாரும் இல்லை.

"காசு போட்டு ஆள் வச்சுக்கிறவங்களுக்கு எதுக்கு மேடம் அரசாங்க டீச்சர்?" என்றாள் அதிகாரியிடம்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உங்க பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?"

"அதே பள்ளிக்கூடம்தான்."

"அப்போ உங்க பிள்ளைக்கும்தானே நஷ்டம்?"

"தெரியும்."

விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறந்தபோது அந்த டீச்சர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாற்றப்பட்டிருந்தார். செய்தி யார் மூலம் கசிந்ததோ, வாசலில் பல் டாக்டர் அவளை மறித்தார். பசப்புக் குரல் போய்விட்டிருந்தது. "பிள்ளைங்க வயித்துல அடிச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

"உங்க பிள்ளைங்களுக்கு இன்னொரு சாப்பாடு இருக்குய்யா. அதான் எடுத்தேன்."

மகள் அதைவிட மோசம். தனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அந்த டீச்சர் என்றால் அவளுக்கு உயிர். "நீதான் அனுப்பினியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். சிதறிய சோற்றை அம்மா கூட்டி அள்ளினாள். பொய் சொல்லியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

சங்கம் சும்மா இருக்குமா? ஒரு மாதத்துக்குள் சொந்தக் காசில் இன்னொரு டீச்சரைப் பிடித்து வந்தது, முன்னவரைவிடக் கெட்டிக்காரராக. அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு மயிரும் குறையவில்லை. கோபம் மட்டும் குறைய மறுத்தது.

வருஷக் கடைசியில் தங்கை போன் செய்தாள். "அவன் பஸ் போர்டெல்லாம் படிக்கிறான். அந்த டீச்சர் நல்லாத்தான் சொல்லித்தர்றாங்க."

"சரி."

"அதுக்காக உன்மேல கோவம் போச்சுன்னு நெனக்காத."

"நெனக்கல, வை."

இப்போதும் காலையில் பயிற்சிக் காரில்தான் மகளைக் கொண்டுபோய் விடுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு முந்தின தெரு வந்ததும், "இங்கயே நிறுத்து, யாராவது பாத்துடுவாங்க" என்பாள் மகள். அவள் நிறுத்துவாள். மகள் திரும்பிப் பார்க்காமல் போவாள்.