உடைஞ்ச பின்னோட படம்

எங்க அக்காவுக்கு அழத் தெரியாதுன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லுவாங்க. தெரியாதாவது! நேரம் கிடைக்கலைன்னு வேணா சொல்லுங்க. உடைஞ்ச இரும்பு ஏன் உடைஞ்சுதுன்னு சொல்ற லேப்ல வேலை; துண்டுல அமிலத்தைத் தடவி மைக்ராஸ்கோப்ல பார்த்துப் பார்த்தே அவ தலை நரைச்சுப்போச்சு. அதே லேப்ல துண்டு வெட்டித் தேய்ச்சுக் கொடுக்கிறது நான்.

அன்னைக்கு வந்தது ஒரு கிரேன்ல சுமையைத் தாங்கிற 'பின்'ங்கிற இரும்பு முளை, உடைஞ்சது. சுமை விழுந்து ஒருத்தர் அங்கேயே செத்துட்டார். எங்ககிட்ட வர்ற துண்டுல நம்பர் மட்டும்தான் இருக்கும். ஆனா அந்தப் பின்னை உறுதியாக்க உலையில சூடாக்கினது எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. "நான் சூடு சரியாத்தான் வெச்சேன், இரும்புதான் மட்டம்"னு மாமா வீட்டுல அடிச்சுச் சொல்லிட்டிருந்தார். சூடு மீறியிருந்தா வேலை போயிடும், ஜெயிலும் உண்டு.

கூடவே அதே இரும்புல செஞ்சு வேற ஆள் சூடாக்கின நல்ல பின் ஒண்ணும் வந்திருந்துச்சு. ரெண்டையும் கண்ணாடி மாதிரி தேய்ச்சுக் கொடுத்தேன். வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அமிலம் பட்டாத்தான் உள்ள மணி மணியா இருக்கிறது தெரியும். சூடு மீறினா மணி பெருத்திருக்கும், இரும்பு சட்டுன்னு உடைஞ்சிடும்.

நல்ல பின்ல பொடி மணி. அப்போ இரும்பு மேல தப்பில்லை. அடுத்து உடைஞ்சது. அமிலப் பஞ்சை வெச்ச அக்கா அதை எடுக்கவே இல்லை.

"அக்கா, போதும்! கருத்துடப் போகுது!"

கருத்தேபோச்சு, ஒண்ணும் தெரியலை. இத்தனை வருஷத்துல அவ கை அப்படித் தவறினதே கிடையாது.

"விடுக்கா, நல்ல துண்டையே ரெண்டு தடவை படம் எடுத்துடு. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது"ன்னேன்.

அவ முகத்துல கோபமும் இல்லை, பயமும் இல்லை. "மறுபடி தேய்ச்சுக் கொடு"ன்னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பேன். தேய்ச்சுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய!

இந்தத் தடவை தெளிவாத் தெரிஞ்சுது. மணி ஒவ்வொண்ணும் குண்டு குண்டா. படம் எடுத்தா, ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டா, கை கழுவினா, டப்பாவைத் திறந்து சாப்பிட்டா. எனக்குத்தான் ஒரு வாய் இறங்கலை.

சாயங்காலம் நானும் அவ கூடவே அவ வீட்டுக்குப் போனேன். மாமா கதவுகிட்டயே நின்னுட்டிருந்தார்.

"என்ன வந்துச்சு?"

"சூடு மீறியிருக்கு. ரிப்போர்ட் அனுப்பிட்டேன்."

வீட்டை ரெண்டாக்கப்போறார்னு நினைச்சேன். அவர் நாற்காலியில உட்கார்ந்து மெதுவாத்தான் பேசினார்.

"உலையைப் போட்டுட்டுக் கண் அசந்துட்டேன்டி. அந்தத் துண்டு உன்கிட்ட வருதுன்னு கேள்விப்பட்டதும், நீ மறைச்சிடுவே, தப்பிச்சோம்னு நினைச்சேன்."

அக்கா செருப்பைக் கழட்டினா.

"அந்த மணியைப் பார்க்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்"னா.