கரண்ட் வந்த நாளில் பிறந்தவள்

இன்று எனக்குப் பிறந்தநாள். ஒரு வருடமாக எங்கள் தங்கச் சுரங்க ஊரிலிருந்து கூடவே பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் ரயில் தோழிகளிடம் அதைச் சொல்லக் கூச்சம்.

ஸ்டெல்லா அக்கா போனைப் பார்த்துப் படித்தார். "1902ல இதே நாள்தான் நம்ம ஊருக்குக் கரண்ட் வந்துச்சாம்!"

"சுரங்கத்துக்கு வந்துச்சு. நம்ம கூலிக்காரங்க லைன் வீட்ல சிம்னி வெளக்குதான்" என்றார் செல்வி அக்கா.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். அன்று ஊரிகம் பகுதியில் ஓர் இருட்டு லைன் வீட்டில் ஒருத்தி பிறந்திருப்பாள். சுரங்க ஷாஃப்ட்டின் கோபுர உச்சியில் எரிந்த விளக்கை, தனக்காக இறங்கி வந்த நட்சத்திரம் என்று அவள் அம்மா நினைத்திருப்பாளோ?

"நானும் இன்னிக்குத்தான் பொறந்தேன்க்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இன்னாமா, நேத்தே சொல்றதுக்கு இன்னா? கேக்குக்கு எங்க போவேன்?" ஸ்டெல்லா அக்கா போன் டார்ச்சை என் முன் நீட்டினார். "ஊது!"

ஊதினேன். டார்ச்சை அணைத்தார். பெட்டியே கைதட்டியது.

டார்ச்சை ஊதி அணைத்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?