சேர்த்துப் புரட்டிய பதினொரு தாள்கள்

அவளால் ஒரே நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. நான்கு நாவல் எழுதியவள் என்று சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனமொன்றின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்கள் கூப்பிடுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்கிற குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. ஆள் மட்டும் ஒயர் எட்டுகிற தூரத்துக்கு அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பாள். கையில் புகார்ச் சீட்டு, சீட்டின் பின்பக்கத்தில் நாவலின் இரண்டு வரி.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒரே சமயத்தில் ஆறு புத்தகம் படிப்பாள், ஆறும் ஆறு இடத்தில் கிடக்கும். ஒன்று அடுப்படி ஜன்னலில், ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல், ஒன்று செருப்பு வைக்கும் அலமாரியில். நல்ல புத்தகமாக இருந்தால் பத்துப் பக்கத்துக்கு மேல் அவளால் போக முடியாது, வயிறு எரியும். மோசமான புத்தகம் என்றால் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் தெம்பாக எழுத உட்காருவாள். அந்தத் தெம்பு அடுத்த நாள் காலை பேருந்தில் ஏறும்போது இறங்கிவிடும்.

கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். எந்தச் சாமான் வாங்கினாலும் அதோடு வரும் கையேட்டை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். மனைவியின் முதல் நாவலை மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு படம்கூட இல்லையே" என்று மூடி வைத்தார். அதற்கப்புறம் திறக்கவில்லை.

ஆகவே அவளுக்கு வாய்த்த வாசகி, கணவரின் அக்காதான். முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகள் சொல்வதைக் காதில் வாங்கி விரல் வழியே தாளில் இறக்கியே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்பு எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இப்போது இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். நான்கு நாவலையும் பதிப்பாளருக்கு முன்பே படித்து, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, அதிகம் போனால் ஒரு கேள்விக்குறி போட்டுத் தருவார். அந்தக் கோடு இல்லாமல் ஒரு தாள்கூட அவள் வெளியே அனுப்பியதில்லை.

ஐந்தாவது நாவல் முடிந்த வாரம்தான் நாத்தனாருக்குக் கண்ணில் விழித்திரை கழன்றது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு முகத்தைக் கீழே பார்த்தபடியே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஜை விளிம்பில் தலையணை, தலையணை மேல் நெற்றி. சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் எழுந்திருக்கலாம், அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். படிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அதுக்கென்ன, நீ படிச்சுக் காட்டு" என்றார் நாத்தனார், தரையைப் பார்த்தபடி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குச் சிரமமா இருக்குமே, அண்ணி. கண்ணு சரியாகட்டும்."

"காது நல்லாத்தானே இருக்கு? மாசக் கடைசிக்குள்ள கொடுக்கணும்னு நீதானே பறந்துட்டு இருந்தே?"

மூன்று நாள் சாக்குப் போக்குச் சொல்லிப் பார்த்தாள். தலைவலி என்றாள், அலுவலகத்தில் ஆள் குறைவு என்றாள். உண்மைக் காரணம் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தது.

இருபது வருடம் முன்பு, முதல் நாவலை அனுப்பிவிட்டு அவள் தபாலுக்காகக் காத்துக் கிடந்த காலம். ஒரு நாள் நாத்தனார் ஒரு உறையைக் கொண்டு வந்து, "இப்பதான் வந்துச்சு" என்று நீட்டினார். பிரித்துப் பார்த்தாள். நாவல் வேண்டாம் என்று நாலே வரி. அழுது முடித்த பிறகுதான் உறையைக் கவனித்தாள். வந்து சேர்ந்த முத்திரையில் பத்தொன்பது நாளுக்கு முந்திய தேதி. ஓரத்தில் பிரித்து ஒட்டிய தடம். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. ஆனால் அது தொண்டையில் முள்ளாகவே நின்றுவிட்டது. இருபது வருடம் கழித்து ஏழாம் அத்தியாயத்தில் ஒரு நாத்தனாராக வந்து உட்கார்ந்தது. வேலை வெட்டி இல்லாதவள், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்து உள்ளுக்குள் சிரிப்பவள், அந்தக் கதையில் வரும் நாத்தனார். மௌனமாகப் படித்துக் கேள்விக்குறி போட்டுத் தந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வாய்விட்டு, அதுவும் நேரில் வாசிக்க நேரும் என்று யார் கண்டது?

வேறு வழியில்லாமல் நான்காம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போனாள். நாத்தனார் தலையணையில் நெற்றியை வைத்திருந்தார். பின்கழுத்தும் நரைத்த கொண்டையும்தான் தெரிந்தன. அவள் நடந்துகொண்டே வாசித்தாள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த வாக்கியமெல்லாம் வாயில் வந்ததும் பல்லிளித்தது. ஒரு இடத்தில் வானத்தைப் பற்றி முக்கால் பக்கம் இருந்தது. வாசிக்க வாசிக்க அவளுக்கே கூச்சமாகிவிட்டது. "மழை வருமா வராதாம்மா, அதைச் சொல்லு" என்றார் நாத்தனார் மேஜைக்குள்ளிருந்து.

இரண்டு மாலையில் ஆறு அத்தியாயம் முடிந்தது. மூன்றாம் மாலை, ஏழாம் அத்தியாயம் தொடங்கும் இடத்தில் பதினொரு தாளை ஒன்றாகச் சேர்த்துப் புரட்டிவிட்டு, எட்டாம் அத்தியாயத்தை அதே குரலில் ஆரம்பித்தாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காகப் பழகிய குரல். நாலு வரிகூடப் போகவில்லை.

"நிறுத்து."

நிறுத்தினாள்.

"இவ்வளவு நேரம் ஒவ்வொரு தாளாத்தானே புரட்டினே? இப்ப ஒரு கட்டு புரண்ட சத்தம் கேட்டுச்சு. சாட்சி எங்க முழுங்குறான்னு எனக்குத் தெரியாதா? பின்னாடி போ."

"அது இன்னும் சரியா வரலை, அண்ணி..."

"வராததைத்தான் கேக்கணும். படி."

படித்தாள். முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். உறை பிரியும் இடம் வந்தது, அந்தச் சிரிப்பு வந்தது. பதினொரு தாளும் முடிந்தபோது தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்கு வர வேண்டாம்" என்றார் நாத்தனார் கடைசியில். "நானே கூப்பிடுறேன்."

ஐந்து நாள் கூப்பிடவில்லை. அந்த ஐந்து நாளும் அவள் படாத பாடு பட்டாள். சாப்பாட்டைக் கணவர் மூலம் கொடுத்தனுப்பினாள். "என்ன சொன்னாங்க?" என்று அவர் திரும்பியதும் பறந்தாள். "உப்பு கம்மின்னாங்க" என்றார் அவர். ஆறு புத்தகத்தையும் மாறி மாறி எடுத்தாள், எதிலும் ஒரு பத்தி நிற்கவில்லை. கைப்பிரதியைக் கிழித்துவிட நினைத்தாள். கிழித்தால் மட்டும் கேட்ட காது கேட்காததாகிவிடுமா? பேருந்தில் நின்றபடி மன்னிப்பு வாக்கியங்களை மனதுக்குள் எழுதி, வழக்கம்போல் அவற்றில் அடைமொழிகளைத் திருத்திக்கொண்டிருப்பதைக் கண்டு தன்மேலேயே எரிச்சல்பட்டாள். இது என்ன பிழைப்பு? மன்னிப்புக் கேட்பதிலும் நடை பார்க்கிற பிழைப்பு.

ஆறாம் நாள் அலுவலகத்துக்கே அழைப்பு வந்தது. "இன்னிக்கு வா. பேனா எடுத்துட்டு வா."

போனதும் அவள் வாயெடுக்குமுன் நாத்தனார் பேச ஆரம்பித்துவிட்டார். அதே மேஜை, அதே தலையணை.

"பிரிச்சது நிஜம். படிச்சதும் நிஜம். எனக்கும் எழுதணும்னு ஒரு காலத்துல ஆசை இருந்துச்சு, உனக்குத் தெரியாது. தினம் அடுத்தவங்க பேச்சையே தட்டித் தட்டி அது போயிடுச்சு. உனக்கு வேண்டாம்னு வந்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

அவள் பேனாவை மேஜை மேல் வைத்தாள்.

"ஆனா அது ஒரு நாள்தான்மா. மறுநாளே போயிடுச்சு. அப்புறம் அதை எப்படி உன் கையில கொடுக்கறதுன்னு தெரியாம தலையணைக்கடியில வெச்சுக்கிட்டு பதினெட்டு நாள் படுத்தேன். நீ தினம் வாசலைப் பாத்துட்டு நிப்பே. எனக்குச் சோறு இறங்கலை. நீ அந்த ஒரு நாளை மட்டும் எழுதிட்டு பதினெட்டு நாளை விட்டுட்டே."

"எனக்கு அது தெரியாதே, அண்ணி." குரல் உடைந்தது. "நீங்க சொல்லவே இல்லையே."

"நீயும் கேக்கலையே. கதை எழுதறவ, கேட்டிருக்க வேண்டாமா?"

மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் நாத்தனாரின் முகம் தெரிந்தது. இரண்டு வாரமாகத் தலையணையில் அழுந்தி வீங்கிய முகம். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கோபமா?" என்றாள்.

"அஞ்சு நாள் இருந்துச்சு. இப்ப கழுத்து வலிதான் இருக்கு."

மறுநாள் பதிப்பாளரைக் கூப்பிட்டு, இந்த மாதம் தர முடியாது என்று சொன்னாள். அவர் முனகினார், திட்டினார், அடுத்த வருடப் பட்டியலில் போட்டுக்கொள்வதாகச் சொல்லி வைத்தார். பதினெட்டு நாளையும் எழுத அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. அந்த நாத்தனார் மாறியதும் கதையில் மற்றவர்களும் பழையபடி நிற்க மறுத்தார்கள். ஒவ்வொரு அத்தியாயமாகப் பிரித்து மேய வேண்டியிருந்தது. அதற்குள் நாத்தனாருக்குப் பார்வை முக்கால்வாசி திரும்பியிருந்தது. ஆனாலும், "நீயே படி, கேட்டாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். மாலைதோறும் வாசித்தாள். புது ஏழாம் அத்தியாயம் முடிந்தபோது நாத்தனார் சிவப்புப் பேனாவைத் தேடவில்லை.

"அவளை ரொம்ப நல்லவளாக்கிட்டே, கொஞ்சம் குறை" என்றார். "அப்புறம், அவளுக்கு ஒரு வேலை கொடு. நாள் பூரா வீட்டுல உக்காந்திருக்கிறவ இல்லை அவ."

மறுவாரம் அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண் குமாஸ்தா மூட்டைகளுக்குச் சீட்டு எழுதி, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நடை போட்டபடி அந்தக் கையையே பார்த்தாள்.

குமாஸ்தா நிமிர்ந்தார். "என்னம்மா வேணும்? சரக்கு வந்திருக்கா, அனுப்பணுமா?"

"ரெண்டும் இல்லை" என்றாள் அவள். "உங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."