புத்தகத்தைப் பார்த்து ஒரு வலைப்பக்கம்

வெப்சைட் செய்து கொடுக்கிற தொழிலில் இருப்பவர்களிடம், வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் காலேஜ்ல படிச்சிய?" என்பதுதான். நான் காலேஜில் படித்தது விலங்கியல். வலைப்பக்கம் செய்யக் கற்றது வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இரண்டு தடித்த ஆங்கிலப் புத்தகங்களை விரித்துவைத்துக்கொண்டு. வீடியோ பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். அதில் பேசுகிறவர் எனக்காக நிற்கமாட்டார். புத்தகம் நிற்கும். ஒரே பக்கத்தை எத்தனை தடவை படித்தாலும் அலுத்துக்கொள்ளாது. நீங்களும் இப்படித் தனியாக உட்கார்ந்து ஏதாவது ஒரு புத்தகத்தோடு மல்லுக்கட்டியவர் என்றால், இதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

மறக்கப் படித்தது

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் சாரம் கட்டும் வேலையில் கீழே விழுந்து, முதுகில் அடிபட்டு ஊருக்கு வந்து சேர்ந்த சமயம் அது. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மெல்ல நடக்கலாம். பாரம் தூக்கக்கூடாது. அவரை விட்டுப் போகாமல் வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. வடசேரியில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஹெச்டிஎம்எல் புத்தகம் கிடைத்தது. எது தலைப்பு, எது பத்தி, படம் எங்கே வரவேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிகளைக் கற்றுத்தரும் புத்தகம். எழுத்தின் நிறத்தையும் அளவையும்கூட அந்தக் குறிகளைக் கொண்டே மாற்றலாம் என்று போட்டிருந்தது. விழுந்து விழுந்து படித்தேன்.

பாதிக்கு மேல் போன பிறகுதான், நிறம், அளவு, இடைவெளி என்று அலங்காரத்துக்கென்றே சிஎஸ்எஸ் என்று தனியாக ஒன்று இருப்பது தெரிந்தது. அதற்கொரு புதிய புத்தகம் வரவழைத்தேன். நிறத்துக்கும் அளவுக்கும் பழைய குறிகளை இனிமேல் தொடவே கூடாது என்றது அதன் முதல் அத்தியாயம். அழாத குறையாக அவரிடம் போய்ச் சொன்னேன். ஊருக்கு வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர், அன்றைக்குத்தான் என் பக்கம் திரும்பினார். "அப்பம் அந்தப் புஸ்தகத்துல படிச்சத மறக்கதுக்கு இந்தப் புஸ்தகமா?"

சாத்தாத கதவு

மறுநாளிலிருந்து அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க, நான் டைப் செய்தேன். ஒரு வரியில் வரும் சாய்கோட்டையும் கொக்கிக் குறியையும் வாசிப்பதற்குள் அவருக்கு நாக்கு பிசகும். ஒருநாள் நான் செய்த பயிற்சிப் பக்கம் முழுக்கத் தலைப்பு எழுத்தாகப் பெருத்து நின்றது. எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சோறு வடிக்க மறந்து தேடிக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். முதல் வரியில் தலைப்பைத் தொடங்கும் குறி இருந்தது, முடிக்கும் குறி இல்லை. விரலை அங்கே வைத்துக்கொண்டு கேட்டார்: "தொறந்த கதவ சாத்திட்டு வரணும்னு ஒனக்கு ஆரும் சொல்லித் தரல்லியா ஏட்டி?"

ஓடுகிற எழுத்து

எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஏத்தங்காய் வத்தல், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், போடுகிற கடைக்காரர். கடைப்பெயர் சிவப்பில் வேண்டும், அதுவும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். ஓடுகிற எழுத்து வாசிக்கிறவர்களைச் சிரமப்படுத்தும், அதைத் தவிர்க்க வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாக இருந்தது. நான் கையோடு புத்தகத்தையும் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அட்டையைத் திருப்பி, எழுதியவரின் படத்தைக்கூடப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் செரிதான் மோளே. இவரு நம்ம கடையில வந்து வத்தல் வாங்குவாரா?"

எட்டுப் பேர்

இனயம் என்கிற கடற்கரை ஊரில் கிளீட்டஸ் அண்ணன் என்று ஒருவர். விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள், வீட்டிலுள்ள பழைய போட்டோக்களையெல்லாம் ஒரு வலைப்பக்கமாகப் போட்டுத்தரச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு படத்தின் குறியோடும் அந்தப் படத்தில் இருப்பதை ஒரு வரியாக எழுதிவைக்க இடம் உண்டு, பார்வையில்லாதவர்களுக்குப் போன் அதை வாசித்துச் சொல்லும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். மகள் கேட்கவில்லைதான். இருந்தாலும் எல்லாப் படங்களுக்கும் எழுதினேன். வேலை முடிந்ததும் நேரில் போய், அண்ணனின் போனில் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

"புதிய படகின் முன் எட்டுப் பேர் நிற்கிறார்கள்" என்று போன் வாசித்தது. அண்ணன் தலையாட்டிவிட்டு, "ஆரெல்லாம்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவர் மனைவி புஷ்பம் அக்கா அடுக்களையிலிருந்து வந்து, என் லேப்டாப் திரையில் குனிந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். நான் டைப் செய்துகொண்டே போனேன். கடைசி ஆளிடம் வந்ததும் அக்காவின் குரல் இறங்கியது. "இது ததேயு" என்றார். அண்ணனின் தம்பி. கடலுக்குப் போய்த் திரும்பாதவர். "சிரிச்சிட்டு நிக்காரு. கை ஒங்க தோள்ல கெடக்கு."

"எனக்க தோள்லயா?" என்றார் அண்ணன். அந்தப் படம் எத்தனையோ வருஷமாக அவர் வீட்டுச் சுவரில் தொங்கியதுதான். கண் இருந்த நாளில் அவர் அதில் படகை மட்டும்தான் பார்த்திருக்கிறார். பிறகு அவர் இரண்டு தோளையும் மாறிமாறித் தடவிக்கொண்டு, நான் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பினார். "எந்தத் தோள்ல மக்கா? அதையும் எழுதிப் போடு."

மண்டைக்காட்டில் நின்றபோது

மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டுக் கோயிலுக்கு நான் தனியாகத்தான் போனேன். அந்தக் கூட்டத்தில் வீட்டுக்காரரால் நிற்க முடியாது. வரிசையில் நிற்கும்போது வத்தல் கடைக்காரர் போனில் விளித்தார். திருவிழா ஆர்டர் நிறைய வருகிற நேரம். அவரே ஒரு பெரிய படத்தைத் தன் வலைப்பக்கத்தில் ஏற்றிவிட்டார், அது போன் திரைக்கு வெளியே வழிந்து ஆர்டர் பட்டனையே மறைத்துவிட்டது. என்னிடம் லேப்டாப் இல்லை. வீட்டுக்கு விளித்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாசித்துச் சொல்வாரே தவிர, அவர் அதுவரை கீபோர்டைத் தொட்டதே இல்லை. "பாக்கேன்" என்றார். அதற்குள் லைன் போய்விட்டது, திரும்பக் கிடைக்கவேயில்லை. பாதி வேலையும் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

வீட்டில் அவர் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொற்களின் அட்டவணை திறந்து கிடந்தது. அதில் படத்துக்கும் அகலத்துக்கும் உள்ள இங்கிலீஷ் சொற்களைத் தேடி, எந்தெந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார். படம் திரைக்குள் அடங்கியிருந்தது, பட்டனும் வெளியே தெரிந்தது. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தலையைத் திருப்பாமலே சொன்னார்: "சாரம் கெட்டுனவனுக்கு ஒரு படத்த சட்டத்துக்குள்ள நிறுத்தத் தெரியாதா? நீ போயி சாயா போடு, எனக்க வேல இன்னும் முடியல்ல."

கணவனும் மனைவியும் ஒரே தொழிலில் இறங்கிவிட்ட வீட்டில், தட்டில் சாதத்துக்கும் கூட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்றுகூட இப்போது இரண்டு கருத்து இருக்கிறது.