ஏர் ஃபில்டருக்கு ஒரு பனியன் உறை

என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேகமான கார் மேல் ஆசை. முதலிபாளையத்தில் பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் யூனிட் ஓரளவு காலூன்றியதும், பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பேருக்கு ஒரு சீட். எங்கள் மகள் மட்டும்தான் அதில் காலை மடக்கி உட்கார முடியும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் அந்தக் காரில் ஏற்கெனவே இருந்தது. எனக்கு அதுவே அதிகம். அவருக்குப் போதவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் விட்டு, இன்னும் பெரிய சூப்பர்சார்ஜரை மாட்டினார். காற்று உள்ளே போகும் வழியையும் மாற்றினார்கள். தூசியை வடிகட்ட டப்பாவுக்குள் அடங்கிக் கிடந்த பழைய ஏர் ஃபில்டர் போய், என் கை நுழையும் அளவுக்கு ஒரு குழாயும் அதன் நுனியில் கூம்பாக ஒரு திறந்த ஃபில்டரும் வந்தன. கார் வந்த அன்று எங்களை உட்கார வைத்து, பைபாஸில் ஒரு மிதி மிதித்தார். பானெட்டுக்குள் ஒரு சீழ்க்கை கிளம்பி ஏறிக்கொண்டே போனது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

“எப்படி இருக்குது அம்மிணி?”

“நல்லாத்தானுங்க இருக்குது. இங்கயே எறக்கி உடுங்க, நான் ஊட்டுக்கு நடந்தே போய்க்கிறேன்.”

அவர் சிரித்தார். மகள் இன்னொரு தடவை போகச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் வாயாலேயே அந்தச் சீழ்க்கையை ஊதிக்கொண்டு திரிந்தாள். அது காதில் விழும்போதெல்லாம் அவளை அதட்டி அடக்குவேன். என்றைக்காவது ஒருநாள் இவர் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு எதிலாவது மோதப்போகிறார் என்ற நினைப்பு, சோறு வடிக்கும்போதுகூட என்னை விடவில்லை.

எங்கள் யூனிட்டில் காற்று என்றாலே பாதி பஞ்சு. ட்யூப்லைட், மின்விசிறி, சாமி படம் எதையும் அது விடாது. எதைக் காப்பாற்ற வேண்டுமானாலும் பனியன் துணியைச் சுற்றுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். கம்ப்ரசர் காற்று இழுக்கும் இடத்துக்கு, மோட்டாருக்கு, என் மிக்ஸிக்குக்கூட அதுதான் உறை. இவரும் யோசிக்கவே இல்லை. கார் ஃபில்டருக்கு இழுத்தால் நீளும் ரிப் துணியை இரண்டாக மடித்து, எலாஸ்டிக் வைத்து ஒரு உறை தைத்து மாட்டினார். பிள்ளைக்குக் குல்லா போட்டது போலிருந்தது. பஞ்சு பறக்கும் நிட்டிங் ஹால் வாசலில்தான் காரும் நின்றது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அங்கேயே எஞ்சினை ஓட்டி, உறுமவிட்டுக் காட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்தில் என் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். எனக்குப் பயந்து உடுமலை வரை மெதுவாகத்தான் ஓட்டினார். அதைத் தாண்டியதும் முன்னால் ஒரு பஸ். தூரத்தில் எதிரே ஒரு லாரி.

“ஏனுங்க, வேண்டாமுங்க.”

“அட, ஒரே மிதிதான் அம்மிணி.”

வலது பக்கம் எடுத்து மிதித்தார். சீழ்க்கை கிளம்பியது, பாதியிலேயே அடங்கிப்போனது. கார் இழுக்கவில்லை. பஸ்ஸின் பாதி நீளத்தில் அதோடு சேர்ந்து ஊர்ந்துகொண்டிருந்தோம். லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது.

“மிதிச்சா போவ மாட்டீங்குது” என்றார், மெதுவாக. அவர் கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். திரும்பி, மகளின் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. பஸ்காரர்தான் பிரேக் போட்டு இடம் கொடுத்தார். எப்படியோ அவருக்கு முன்னால் நுழைந்தோம். எங்கள் வலது பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு லாரி போனது.

ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தார். உறை மேல் பஞ்சு கம்பளி போலப் படிந்து, துணி ஃபில்டரோடு ஒட்டிக் கிடந்தது. மெதுவாகப் போகும்வரை கிடைத்த காற்று போதுமாக இருந்திருக்கிறது. முழு மூச்சு கேட்ட இடத்தில் அடைத்துவிட்டது. அவர் உறையை உரித்துப் பையில் வைத்தார். திரும்ப உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார். சாவியைப் போட்டவர் திருகாமலேயே உருவினார். அந்தக் காரை இன்னொருவர் தொடவே விடாதவர், சாவியை என்னிடம் நீட்டினார்.

“நீ ஓட்டு அம்மிணி.”

வீட்டிலுள்ள எங்கள் இன்னொரு காரைத் தினமும் ஓட்டுகிறவள்தான் நான். அன்று ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயமாக இருந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டே போவது என்று முடிவு செய்தேன். நாங்கள் நின்ற நேரத்தில் தாண்டிப் போயிருந்த அதே பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் பிடித்து, அதன் பின்னாலேயே போனேன். பஸ் ஆடி அசைந்து போயிற்று. அதற்கு முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

“அம்மா, வேண்டாங்க” என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது.

“என்ன கண்ணு?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தச் சீழ்க்கை எனக்குக் கேட்டது. கார் ஏற்கெனவே வலது பக்கம் வந்திருந்தது. மிதித்துக்கொண்டிருந்தது என் கால்.