எக்ஸ்ரேக்கு முன்னால் ஓர் எக்ஸ்ரே

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற விசா வேண்டுமென்றால் நெஞ்சைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று என் கணவர் எழுதியிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி நான்கே மாதம். அவர் அங்கே, நான் பாளையங்கோட்டையில் அம்மாவோடு. கடிதத்தைப் படித்து முடித்ததும் அதை அம்மாவிடம் நீட்டினேன்.

பதினோரு வயதில் எனக்குக் காசநோய் வந்திருந்தது. ஒன்பது மாதம் மாத்திரை. கேட்டவர்களிடமெல்லாம் அம்மா "சளிக்கட்டு" என்று சொல்லிவைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அதையும் சொல்லவில்லை. அவர்கள் நட்சத்திரம் முதல் பல்வரிசை வரை விசாரித்தார்கள், நுரையீரலைப் பற்றிக் கேட்கவில்லை, ஆகவே நாம் பொய் சொல்லவில்லை என்பது அம்மாவின் கட்சி. இப்போது ஓர் அரசாங்கமே கேட்கிறது. கடிதத்தோடு வந்த படிவத்தில் அதற்கென்று தனிக் கேள்வி இருந்தது: எப்போதாவது காசநோய் இருந்ததா? ஆம், இல்லை.

"இல்லைன்னு போடுட்டி. ஆறிப்போனத எதுக்குக் கிளறணும்?" என்றாள் அம்மா.

முறையான சோதனை சென்னையில், விசாக்காரர்கள் குறித்துக்கொடுத்த டாக்டரிடம். அதற்கு முன்னால் இங்கேயே கமுக்கமாக ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்பது அவள் யோசனை. தெரிந்த முகம் எதிர்ப்பட்டுவிடக் கூடாதென்று ஆற்றுப்பாலம் தாண்டி ஜங்ஷன் பக்கம் போனோம். திருடப் போகிறவர்கள்கூட எங்களைவிட நிமிர்ந்து நடந்திருப்பார்கள்.

"கழுத்துல கெடக்கதெல்லாம் கழட்டிருங்கம்மா" என்று எக்ஸ்ரே எடுப்பவர் திரைக்கு வெளியே நின்று சொன்னார். சங்கிலியைக் கழற்றினேன். தாலியில் கை வைத்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கடல் தாண்டி இருக்காரு. அத மட்டும் கழட்டாத."

மஞ்சள் கயிற்றில் கோத்த பொட்டுத்தாலி. அதை முதுகுப் பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் செருகிவிட்டாள். நெஞ்சைத்தானே எடுக்கிறார்கள், முதுகை இல்லையே! நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

மறுநாள் காலை உறையை நீட்டிய பையன், "வட்டமா என்னமோ தெரியுது, நெஞ்சு டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றான். வாசலிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புகளுக்கு நடுவே, விளிம்பு மங்கி, வெள்ளையாக ஒரு வட்டம். விசா போனால் போகட்டும். ஆனால் என்னைப் பற்றி என் கணவருக்கு ஓர் அரசாங்கக் கடிதம் சொல்லப்போகிறது. ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று நினைப்பார். புகுந்த வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு மாதம்கூட இருக்காமலே நான் வாழாவெட்டி.

அன்று மதியம் தபாலாபீசுக்கென்று சொல்லிவிட்டு டெலிபோன் பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவரிடம் கொட்டினேன்.

"இத ஏன் இப்ப சொல்லுத?" என்றார்.

"சரி, வைக்கேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் நெஞ்சு டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். பார்த்த மாத்திரத்தில் திரும்பி, "ஏம்மா, தாலியோடயா படம் எடுத்தீங்க?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் விரல் பைய மேலே நகர்ந்தது. "ஆனா இங்கன ஒரு சின்னத் தழும்பு இருக்கு. ஆறுன தழும்பு. சின்ன வயசுல மாத்திரை சாப்ட்டியா?"

"இல்ல சார்" என்றாள் அம்மா.

"ஆமா சார்" என்றேன் நான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சென்னையில போயி இப்படி ஆளுக்கொண்ணு சொல்லிராதீங்க. அங்கயும் இது தெரியத்தான் செய்யும்."

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "படிவத்துல ஆமான்னே எழுதிரு. மாப்பிள்ளைக்கு எதுக்குத் தெரியணும்?"

"தெரியும்மா. நேத்தே போன்ல சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"வச்சிட்டாரு."

அம்மா அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பஸ் வந்தது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு எதிர்வீட்டுத் தொலைபேசியில் அவர் கூப்பிடுவது வழக்கம். அந்த ஞாயிறு அம்மாவும் என்னோடு அங்கே வந்து காத்திருந்தாள். பத்து அடித்தது, பத்தரை ஆனது. இனி வராது என்று எழுந்துவிட்டேன். அப்போதுதான் மணி அடித்தது.

"இங்க ஒரு டாக்டர்ட்ட கேட்டேன்" என்றார் அவர். "முழுசா மாத்திரை சாப்ட்டிருந்தா பயமில்லயாம். ஒன்பது மாசமும் விடாம சாப்ட்டியா?"

"ஒன்பது மாசமும் விடாம சாப்ட்டேனான்னு கேக்காரு" என்று அம்மாவிடம் சொன்னேன். மருமகனிடம் அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றே பேசிப் பழகிய அம்மா, என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஒருநாளுகூட விடல மாப்பிள்ளை. நாந்தான் குடுத்தேன். யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னதும் நாந்தான்."